தபேலா மேர்வின்

மேர்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? பதினேழு பேர் கொண்ட ஜாஸ் பாண்டில் முப்பத்திமூன்று வருடமாக டிரம்ஸ் வாசித்த மனுசனிடம், பாண்டின் நாற்பதாவது ஆண்டு விழாவுக்கென்று ஒரு சோடித் தபேலாவைக் கொண்டுவந்து நீட்டினால்?

நீட்டியவன் ஒலிவர், வெள்ளைக்காரன். தகப்பன் ஓய்வுபெற்றதும் பாண்டின் பொறுப்பை எடுத்தவன். “உங்கள் மண்ணின் வாத்தியம்! டிரம்ஸுக்கு வேறு ஆள் பிடித்தாயிற்று” என்றான், என்னவோ பெரிய பரிசு தருகிறவன் போல. மேர்வின் யாழ்ப்பாணத்தில் மாதா கோயில் பாண்டில் டிரம் அடித்து வளர்ந்தவர். தபேலாவைத் தொட்டதே இல்லை. அதைச் சொன்னார். “என்ன அடக்கம்!” என்று சிரித்தான் அந்தப் படுபாவி.

வீட்டுக்கு வந்து மனைவி இசபெலிடம் கத்தினார். அவளோ பூரித்துப்போய் நின்றாள்.

“இஞ்சேருங்கோ, ‘தபேலா மேர்வின்’ எண்டு போட்ட போஸ்டரை ஃபாதர் கோயில் கதவிலயே ஒட்டிப்போட்டார். நாப்பது பேர் டிக்கெட் எடுத்திட்டினம். கடைசியிலயாவது எங்கட வாத்தியம் வாசிக்கிறியள் எண்டு எல்லாருக்கும் ஒரே புளுகம், சந்தோசம்.”

“எங்கட வாத்தியமோ? எனக்கு அதில ஒண்டும் தெரியாது!”

“சும்மா தட்டுங்கோ. ஆருக்கு விளங்கப் போகுது?”

ஒலிவரையாவது தெரியாதவன் என்று விடலாம். இவளுக்கு என்ன வந்தது? ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு முன்வரிசை டிக்கெட்டைக் குசினி மேசையில் வைத்துவிட்டுத்தான் அவர் போவார். ஒருநாள் கோயில் கூட்டம், ஒருநாள் ஷிப்ட், ஒருநாள் தலையிடி. ஒருநாளும் அவள் வந்ததில்லை.

ஞாயிறு பின்னேரம் ஹரோ நகர மண்டபத்தில் முன்வரிசைகள் முழுக்கக் கோயில் ஆட்கள், நடுவில் இசபெல். மேடையோரம் கம்பளத்தில் தபேலா. அதற்குச் செவ்வந்தி மாலை வேறு! புது டிரம்ஸ்காரர் இசைத் தாளைப் பார்த்துச் சுத்தமாகத்தான் வாசித்தார். ஆனால் ஊதுகிற பதின்மூன்று பேரும் ஒன்றாக வெடிப்பதற்கு ஒரு கணம் முன்னால், பெரிய டிரம்மில் மேர்வின் காலால் ஒரு உதை கொடுப்பார். அதில் ஏறித்தான் அவர்கள் இத்தனை வருடமும் உள்ளே வந்தார்கள். அது இல்லாமல் இரண்டு டிரம்பெட்டுகள் தடுமாறின. கோயில் ஆட்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

தபேலாவின் முறை வந்தது. மேர்வின் மைக்கைக் கையில் எடுத்தார். முதலில் ஆங்கிலத்தில் சொன்னார், பிறகு தமிழில்.

“எல்லாரும் கேளுங்கோ. எனக்குத் தபேலா தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் ஏலாது. என்ர இடம் அங்கை.”

ஒலிவரின் முகம் சிவந்துபோனது. புது டிரம்ஸ்காரர் தானாகவே எழுந்து விலகினார், நல்ல மனுசன். மேர்வின் கோட்டுக்குள்ளிருந்து தன் குச்சிகளை உருவினார்.

“நம்பர் பன்னிரண்டு” என்றார். ஒருவரும் தாள் புரட்டவில்லை, எல்லாருக்கும் அது மனப்பாடம். நாலு தட்டுத் தட்டினார். அந்த உதை விழுந்தது. பதின்மூன்று பேரும் ஒலிவரைத் திரும்பியும் பாராமல் ஒரே மூச்சில் வெடித்தார்கள், சனம் இருந்த கதிரைகள் அதிர்ந்தன. இசபெல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வியந்து பார்த்தாள்.

கார் தரிப்பிடத்தில் அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. “இப்பிடி வாசிப்பியள் எண்டு ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே?”

“டிக்கெட் வைச்சனான்” என்றார் மேர்வின். “ஒவ்வொரு முறையும் வைச்சனான். நீர் வரேல்லை.”