நாந்தேன் பாண்டி

ஏணியை முத்துப்பாண்டிதான் பிடித்திருந்தார். அண்ணன் மகன் செல்வக்குமார் பிளெக்ஸின் கடைசிக் கயிற்றை மின்கம்பத்தில் இறுக்கிவிட்டு இறங்கினான். சுருண்டிருந்த தட்டி காற்றில் விரிந்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே, செத்துப்போன அண்ணன் காளைக்குப் பதிலாக முத்துப்பாண்டியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ சித்தப்பா! பவா கல்யாணத்துல நீங்களும் அப்பாவும் நின்ன போட்டோவத்தேன் கடைக்கு அனுப்புனேன். எடதுபக்கம் நிக்கிறவருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"யாருக்கு எடதுபக்கம்?"

அவன் தன் இடதுகையையும் வலதுகையையும் மாறி மாறிப் பார்த்தான்.

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். "உசுரோட நிக்கிற மனுசனுக்கு அஞ்சலியா? அவுத்து எறிங்கப்பா" என்றார் ஒருவர். "ரெட்டப்பிள்ளைகதான, யாரு கண்டா..." என்று சொல்ல வந்த இன்னொருவர், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பெட்டிக்குள் இருந்தவருக்கும் அறுபத்தொரு வயதுதான். ஆனால் கிழவர். தலை முழுக்க வெள்ளை. கன்னம் உள்ளே போயிருந்தது. மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரியின் தூசி நாற்பத்தைந்து வருடம் இறங்கிய நெஞ்சு. தலைமையாசிரியராக ஓய்வுபெற்று வில்லாபுரத்தில் இருக்கும் முத்துப்பாண்டிக்குத் தலையில் பாதிக்குமேல் கறுப்பு. ஒரு மாத்திரை கிடையாது.

மகள் பவதாரிணி கல்லூரியில் உயிரியல் நடத்துகிறவள். காரில் வரும்போது அவளிடம் கேட்டிருந்தார். "ஒரே கரு ரெண்டாச்சுன்னு சொல்லுவியே. பிறகு ஏம்மா இப்பிடி?"

"ஜீன் ஒண்ணுதாம்ப்பா. தூசி, பட்டினி, தூக்கம், கவலை எல்லாம் போயி அதுமேல அடையாளம் வைக்கும், எது வேலை செய்யணும், எது சும்மா கெடக்கணும்னு. ஒரே புஸ்தகத்துல ரெண்டு பேரு வேற வேற வரிய அடிச்ச மாதிரி. பெரியப்பாவுக்கு அங்க இருந்தது வேற, உங்களுக்கு வேற."



பதினாறு வயதில் அய்யா குவாரி வேலைக்கென்று கைகாட்டியது முத்துப்பாண்டியைத்தான். மறுநாள் விடிய லாரி வந்து மேஸ்திரி பேரைக் கூப்பிட்டபோது, பாண்டியின் சட்டையை மாட்டிக்கொண்டு காளை ஏறிவிட்டான். "நாந்தேன் பாண்டி." அய்யாவுக்கே சாயங்காலம்தான் தெரிந்தது. ஏண்டா போன என்று முத்துப்பாண்டி கேட்டதற்கு, "கணக்கு வாத்தியாரு அடிக்கிறாருடா" என்று சிரித்தான். கணக்கில் நூறு வாங்கிக்கொண்டிருந்தவன் காளை.

ராக்கம்மாள் வாசலுக்கு வந்தாள். புருஷனுக்காக வைத்த பிளெக்ஸை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"அவருக்கும் மொகம் இப்பிடித்தேன இருந்திருக்கும், தம்பி" என்றாள். குரலில் குறை இல்லை. முத்துப்பாண்டியால்தான் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

செல்வக்குமார் மறுபடி ஏணியில் கால் வைத்தான்.

"ஏறாத."

"ஆகாதுங்குறாக சித்தப்பா."

"எனக்கு என்ன ஆகணும் இனிமே? அது ஒங்கப்பாதேன். விடு."

கூட்டம் முனகியபடி பந்தலுக்குத் திரும்பியது. தெருவில் கல் ஏற்றிய லாரி ஒன்று, சாவு வீடென்று வேகம் குறைத்துக் கடந்தது. அது கிளப்பிய வெள்ளைத் தூசி பிளெக்ஸின் கறுத்த தலைமயிரிலும் கன்னத்திலும் படிந்தது; தலை முழுக்க வெள்ளை.

முத்துப்பாண்டி தோள்துண்டை எடுத்துக்கொண்டு ஏணியில் இரண்டு படி ஏறினார். முகம் எட்டும் தூரத்தில் நின்று பார்த்தார். துடைக்காமல் இறங்கினார்.