தோல் தொட்டி

செவலைப் பசுவின் இடது விலாவை அறுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு டாக்டரம்மா இழுத்தபோது, நீலக் கயிறு மாதிரி ஏதோ வந்தது. அலசிப் பார்த்தால் கையுறைகள். வாழைக்காய்ப் பிசினில் ஒன்றோடொன்று ஒட்டி முறுக்கிக்கொண்டு, ஒரு வாளி நிறைய. "பொழைக்குமான்னு நாளைக்குத்தாம்மா சொல்ல முடியும்" என்றார் அவர். வள்ளிக்கண்ணுவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த நீலத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கொள்ளிடக் கரையோரத்துச் சிப்ஸ் கம்பெனியில் அவளும் காய் உரிப்பவள்தான். சாயங்காலம் தொட்டியில் சேரும் தோலை அவளே தன் மாட்டுக்கு எடுத்துப்போவாள். முன்பெல்லாம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உரித்தார்கள். சுத்தம் முக்கியம் என்று முதலாளி மாதவன் கையுறை போடச் சொன்னான். போடட்டும், நல்லதுதான். ஆனால் வாங்கிப் போட்டது மட்டமான சரக்கு. பிசின் பட்டால் தோலோடு கழன்று தொட்டிக்குள் போய்விடும். குனிந்து பொறுக்கினால் வேலை கெடுகிறது என்று கத்துவான். கிழிந்த உறைக்குத் தனியாக ஒரு கூடை கேட்டாள். பார்க்கலாம் என்றான். பார்த்துக் கிழித்தான்!

மறுநாள் காலை கம்பெனி வாசலில் 'கழிவே இல்லாத நிறுவனம்' என்று பேனர் தொங்கியது. கம்பெனியைப் பார்க்க வந்த வெளியூர் ஆட்கள் நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எடுத்துப்போகாத முந்தின நாள் தோல் கிடந்த தொட்டியை மாதவன் தட்டிக் காட்டினான்.

"எங்ககிட்ட எதுவும் வீணாகாது சார். தோலக்கூட மாடு சாப்டுருது."

"சாப்ட மாட்டோட வயித்த அறுத்துப் போட்டிருக்குங்க" என்றாள் வள்ளிக்கண்ணு.

அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்தான். "பாத்துப் போட வேண்டியது நீங்கதானேக்கா? வேணாம்னா விடுங்க, தோல வேற ஆளுக்குக் குடுத்துக்கறேன்."

"வேற ஆளுக்கா? அந்த மாட்டையும் கொல்லவா?"

வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. தொட்டியைக் கால் வைத்துச் சாய்த்தாள். தோல் சரிந்து பளிங்குத் தரையெல்லாம் பரவியது. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீலத்தை ஒவ்வொன்றாக உருவி, வந்தவர்களின் காலடியில் போட்டாள்.

"வீடியோ வேணாம் சார், ப்ளீஸ்" என்றான் மாதவன். யாரும் போனைத் தாழ்த்தவில்லை.

அடுப்படியில் நின்ற மலர்க்கொடி கரண்டியை வைத்துவிட்டு வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து தோலைக் கிளறத் தொடங்கினாள். உரிக்கும் மேசையிலிருந்து இன்னும் இருவர் எழுந்து வந்தார்கள். உள்ளே, எண்ணெயில் கிடந்த வாழைக்காய்ச் சீவல் கருகிப் புகைந்தது. மாதவன் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கத்தினான். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.