யாரைக் கேட்டு

"யாரைக் கேட்டு பிளம்பரை வரச் சொன்னீங்க, அண்ணி?"

குழாயைப் பாதி கழற்றியிருந்த பிளம்பரைக் கொழுந்தன் அப்படியே வெளியே அனுப்பினான். அண்ணி ஒழுகும் குழாயின் கீழே வாளியை வைத்தாள். கணவன் இறந்த பிறகு அந்த வீட்டில் ஜன்னலைத் திறப்பதற்குக்கூட அவள் கொழுந்தனைக் கேட்டாக வேண்டும். கேட்டுக் கேட்டு, அவள் பேசுகிற எல்லாமே இப்போது கேள்வியாகவே முடிந்தது. மகள் மட்டும்தான் அவளுக்கென்று மிச்சம். அதற்கும் கொழுந்தன் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தான்: அண்ணிக்கு யோசிக்கும் திறன் போதாது, குழந்தையின் பொறுப்பு தனக்கே வேண்டும்.

கோர்ட் உத்தரவுப்படி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அவளைச் சோதித்தார்கள். தேர்வு வேறொரு நாட்டில் உருவானது. அந்தப் பிரிவின் டாக்டர் அதை மொழிபெயர்த்து, ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் மாற்றியிருந்தார். மதிப்பெண் விதியை மட்டும் தொடவில்லை: தானே முடிவெடுத்தால் இரண்டு, அடுத்தவரிடம் விட்டால் பூஜ்யம்.

"வீட்டுக்குள்ள புகை வருது. முதல்ல என்ன செய்வீங்க?" என்று இளம் உதவியாளர் கேட்டாள்.

"தம்பியக் கேப்பேன், சரியா?"

"குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்குது."

"தம்பி சொல்றபடி, இல்லையா?"

வெளியே பெஞ்சில் கொழுந்தன் காலாட்டிக்கொண்டிருந்தான்.

உதவியாளர் டாக்டரிடம் போனாள். "சார், இந்தத் தேர்வ முதல்ல வெச்சுப் பாத்தப்ப வந்த பொம்பளைங்களும் இதையேதான் சொன்னாங்க. கேக்காம செஞ்சா வீட்ல சும்மா விடுவாங்களா? யோசிக்கத் தெரியாம வர்ற பதில் இல்ல இது."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? விதி விதிதான்."

"அப்ப அவரையும் சோதிப்போம். ஒப்பிட்டுப் பாக்க அதே வீட்டு ஆள் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க."

கொழுந்தன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"வீட்டுக்குள்ள புகை வருது."

"அண்ணியப் பாக்கச் சொல்வேன். அடுப்படி அவங்க பொறுப்பு."

"குழந்தைக்குக் காய்ச்சல்."

"அதான் அண்ணி இருக்காங்களே. அதெல்லாம் எனக்கென்ன தெரியும்?"

உதவியாளர் இரண்டு பூஜ்யங்கள் போட்டாள். டாக்டர் எட்டிப் பார்த்து, இரண்டையும் அடித்துவிட்டு முழு மதிப்பெண் எழுதினார்.

"இவர் வேலையப் பிரிச்சுக் குடுக்கறாரும்மா. அதுக்குப் பேரு நிர்வாகம்."

"அந்தம்மா இவரைக் கேட்டா?"

"அது சுயபுத்தி இல்லாதது."

கதவருகே நின்றிருந்த அண்ணியின் காதில் இது விழுந்தது. உள்ளே வந்தாள்.

"அந்தப் புகைக் கேள்விய இன்னொரு தடவ கேளும்மா."

"முதல் பதில்தான் செல்லும்," என்றார் டாக்டர்.

உதவியாளர் அவரைப் பார்க்காமலே கேட்டாள். "வீட்டுக்குள்ள புகை வருது. முதல்ல என்ன செய்வீங்க?"

"பொண்ணத் தூக்கிட்டு வெளிய போயிடுவேன்." கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "தம்பி தூங்கிட்டிருந்தா எழுப்ப மாட்டேன்."

"அண்ணி, யாரைக் கேட்டு இப்படியெல்லாம்..."

அவன் முடிப்பதற்குள் அவள் மகளின் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.