மூன்று ஆசி வாங்கிய இன்ஜின்

நான் எழுதப்போகும் இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பிள்ளையார் மேல் சத்தியம். அவர் ஒருவர் போதாது என்பவர்களுக்காக வேளாங்கண்ணி மாதா மேலும் சத்தியம். அல்லாஹ் அறிய இது உண்மை. இந்த வயதில் மேலே போய் மூன்று வாசலிலும் நின்று மூன்று பேருக்கும் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. ஆகவே நம்பிப் படிக்கலாம்.

ஷார்ஜா இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் முகம்மது சித்தீக்கின் கராஜ் இருக்கிறது. அதற்கு அடுத்த டயர் கடையில் நான் வாட்ச்மேன். டயரைத் திருட யாரும் வருவதில்லை என்பதால் என் டியூட்டி பெரும்பாலும் சித்தீக்கின் கராஜில்தான் நடக்கும்.

பத்திநாதன் குமரிக் கடற்கரைக்காரர். மார்க்கெட்டில் மீன் எடுத்து, அஜ்மானில் ஒரு லேபர் கேம்ப் மெஸ்ஸுக்குக் கொடுக்கிறார். அவருடைய பிக்கப்பின் பழைய இன்ஜின் ஜூலை மாதம் செத்துப்போனது. சாவதற்கு முன் அது விட்ட புகையில் ஏரியாவே இருட்டிவிட்டது. தெருவிளக்கெல்லாம் பட்டப்பகலில் எரிந்தன. எதிர்க் கம்பெனியில் நைட் டியூட்டிக்காரர்கள் வேலைக்கு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். புகை கலைந்ததும், வந்ததற்கு ஓவர்டைம் உண்டா என்று கேட்டுத் தகராறு.

அதன்பிறகு பத்திநாதன் கண்டவர் வண்டியிலும் மீனை ஏற்றி அனுப்பினார். மீன் பிந்திக்கொண்டே போனது. மெஸ் நடத்துகிற பாலகுரு புதுக்கோட்டைக்காரர், கோபப்படாதவர். அவரே ஒருநாள் சொல்லிவிட்டார்: "பத்தி அண்ணே, வர்ற வெள்ளிக்கிழம மதியச் சோத்துக்குள்ள மீனு வரலேன்னா ஐஸ்மீன் கம்பெனிக்காரங்கிட்ட ஆர்டரக் குடுத்துருவேன். ஆளுக பசில நிக்கிறப்ப நான் ஒங்க மொகத்தையா பரிமாற முடியும்?"

அந்த ஒரு ஆர்டரை வைத்துத்தான் பத்திநாதன் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ரூம் எடுத்து, மனைவி ரெஷ்மாவையும் பிள்ளையையும் கூட வைத்திருந்தார். ஆர்டர் போனால் இரண்டு பேரையும் ஊருக்கு பிளைட் ஏற்ற வேண்டியதுதான். ரெஷ்மா ஏற்கெனவே அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற யார்டிலிருந்து வேறொரு இன்ஜின் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் சித்தீக் அதை ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பினார். முதல் அடியிலேயே பிடித்தது. சத்தமே இல்லை. பானெட் மேல் ஒரு பூனை படுத்திருந்தது. அது விட்ட குர்குர் சத்தத்தில் இன்ஜின் ஓடுகிறதா என்று தெரியாமல், பூனையை இறக்கிவிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். புது இன்ஜினை அப்படியே விட எவருக்கும் மனம் வரவில்லை.

கராஜில் வெல்டர் அம்மையப்பன், சிவகங்கைப் பக்கம். ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். "பொட்டு வைக்காம வெளிய விட்டா எங்க ஊருல சிரிப்பாகண்ணே" என்று இன்ஜினுக்கு நெற்றி எது என்று தேடினார். தெரியவில்லை. ஆகவே எல்லா இடத்திலும் பூசினார். பத்திநாதன் வேளாங்கண்ணித் தீர்த்தம் ஒரு பாட்டில் வைத்திருந்தார். அவர் தன் பங்குக்குத் தெளித்தார். சித்தீக் அரபிகள் வாசனைக்குப் புகைக்கிற ஊது கட்டையைக் கொளுத்தி, புகைச்சட்டியை இன்ஜின் காற்று இழுக்கும் குழாய்க்கு நேராகப் பிடித்தார். இன்ஜின் நன்றாக இழுத்தது. கடைசியில் அதை நிறுத்திவிட்டு, பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குத் தற்காலிகமாக மாட்டியிருந்த பழைய எர்த் கேபிளைக் கழற்றி, புதியதைக் கொஞ்சம் தள்ளி வேறொரு இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினார். எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போனோம்.

வெள்ளிக்கிழமை காலை பத்திநாதன் மீன் பெட்டிகளைக் கொண்டுவந்து, மேலே ஐஸைக் கொட்டி, பிக்கப்பில் ஏற்றிக் கட்டினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டிக்.

அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். டிக்.

"என்னவே சித்தீக்கே, நேத்து பூனக்குட்டி மாதிரி கெடந்துச்சே?"

"பேட்டரியா இருக்கும் காக்கா. பதறாதிய." சித்தீக் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

வேறு பேட்டரி வைத்தார்கள். டிக். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்தியலால் தட்டினார்கள். டிக். பியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து மாட்டினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டிக்.

ஆகஸ்ட் வெயில். ஸ்பானரைக் கையால் தொட முடியவில்லை. அதனால் சித்தீக் ஸ்பானர்களை மீன் பெட்டி ஐஸுக்குள் சொருகி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வேலை பார்த்தார்.

"ஐஸு மீனுக்கா ஸ்பானருக்கா, ஓய்?" என்றார் பத்திநாதன். ஐஸ் உருகி பிக்கப்பின் பின்கதவு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் தரையைத் தொடுவதற்குள் ஆவியாகி, கராஜ் கூரையில் மேகமாக நின்றது. மேலே கிடந்த ஒரு நெய்மீன் தன் செட்டையால் மெதுவாக விசிறிக்கொண்டதை நான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சில விஷயங்களைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

"வேற வண்டில ஏத்தி விட்டா என்னண்ணே?" என்றார் அம்மையப்பன்.

"எந்த வண்டி?" என்றார் பத்திநாதன். "பிக்கப்காரன் பூராவும் நேத்தே ஓட்டம் போயாச்சு. மீனுன்னா டாக்ஸிக்காரன் கண்ணாடியக்கூட எறக்கமாட்டான்."

தள்ளிப் பார்ப்பது என்று முடிவானது. லீவு நாள், ஆள் பஞ்சமில்லை. நாங்கள் நாலு பேர் ஆரம்பித்தோம். முதல் திருப்பத்தில் இரண்டு பட்டான்கள் சேர்ந்தார்கள். அப்புறம் வங்காளிகள், நேபாளிகள், ஒரு கிரிக்கெட் டீம் மட்டையோடு. "யல்லா, யல்லா!" என்று ஏரியாவைச் சுற்றினோம். பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு முன்னால் வண்டி இருப்பதே தெரியாது. "பாய், கியா மில்தா ஹை?" என்று, இங்கே என்ன கொடுக்கிறார்கள் என்ற அர்த்தத்தில், ஒருவன் என்னைக் கேட்டான். பிரியாணி என்றேன். அதற்குப் பிறகு வண்டி இன்னும் வேகமாகப் போனது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. சுற்றி வந்து கராஜ் வாசலிலேயே நின்றது. பிரியாணிக்காரர்களைக் கலைத்துவிடுவது தனி வேலையாகிவிட்டது.

பத்திநாதன் போனை எடுத்து, ரெஷ்மா என்ற பெயரைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சித்தீக் அதைப் பார்த்தார். ஒரு பிளக்கைக் கழற்றினார். இன்ஜினுக்குள் நெருப்புப் பொறி போடுகிற பிளக். ஈரமாக இருந்தது. முகர்ந்தார்.

"பெட்ரோல் இல்ல. தண்ணி."

எல்லாரும் பத்திநாதனைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்தார்.

"ஒரு சொட்டுதாம்வே... எங்கயெல்லாம் குழி இருந்துச்சோ அங்க மட்டும்..."

"ஒரு சொட்டா? இதுல ஆடு குளிக்கலாம்!" என்றார் சித்தீக்.

"அதான பாத்தேன்" என்றார் அம்மையப்பன். "இன்ஜினுக்கு ஞானஸ்நானமே குடுத்துட்டாரு."

பிளக்குகளை எல்லாம் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்தோம். வைத்த கையோடு எடுத்தோம், காய்ந்திருந்தன. மாட்டித் திருப்பினால், டிக்.

சித்தீக் ஒரு தடித்த வயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் கவ்வவிட்டு, மறுமுனையை நேராக இன்ஜின் இரும்பில் வைத்துப் பிடித்தார். "இப்பத் திருப்புங்க காக்கா."

ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றியது. வயரை எடுத்தார். டிக். வைத்தார். சுற்றியது.

"எர்த்து" என்றார். "கரண்டு போன வழியில திரும்பி வரணும். வரல. இரும்போட இரும்பு ஒட்டல."

எர்த் கேபிளின் போல்ட்டைக் கழற்றினார். கேபிளுக்கும் இன்ஜினுக்கும் நடுவே சந்தனம், இரவு முழுக்க காய்ந்து, ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. போல்ட் துளைக்குள்ளும் அதே. அந்த வாசனை கிளம்பியதும் தெருவில் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஞானஸ்நானமாம்லா?" என்றார் பத்திநாதன். "இது என்னதுடே, கும்பாபிஷேகமா?"

"வாசமா இருக்கட்டுமேன்னுதாண்ணே..." அம்மையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே உளியை எடுத்து வந்து தானே சுரண்டினார். இரும்பு பளபளவென்று தெரிந்ததும் கேபிளை மாட்டி இறுக்கினார்கள்.

திருப்பினார். சுற்றியது, பிடித்தது, ஓடியது. பத்திநாதன் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. அதற்குள் இன்ஜின் ஒருமுறை இருமி, இரண்டாவது முறை இருமி, நின்றுபோனது.

இப்போது அம்மையப்பனும் பத்திநாதனும் ஒன்றாகத் திரும்பி சித்தீக்கைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். போய் ஏர் பில்டர் மூடியைத் திறந்தார். காற்றை வடிகட்டுகிற அந்தத் தாள், ஊதுப் புகை படிந்து, சட்டியிலிருந்து பறந்த சாம்பலும் சேர்ந்து, தோசைக்கல் மாதிரி இருந்தது. அதற்குள் காற்று என்ன, வதந்திகூட நுழையாது.

"சொல்லுங்க பாய்" என்றார் அம்மையப்பன், மிகவும் மரியாதையாக.

"நல்ல கட்ட" என்றார் சித்தீக். "ஒமான்லேருந்து வந்தது."

பில்டரை டயரில் ஓங்கி ஓங்கித் தட்டி, ஊதி, மாட்டினார். பத்திநாதன் சாவியைத் திருப்பினார். பிடித்தது. நாங்கள் மூச்சு விடாமல் காத்திருந்தோம். இருமவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. பத்திநாதனின் கை தானாக நெற்றிக்குப் போனது, சிலுவை போட.

"யாரும் கையெடுத்துராதிய!" என்று கத்தினார் சித்தீக். "கும்புடுறதுன்னா அஜ்மான் போய்க் கும்புடுங்க. யல்லா!"

பத்திநாதனின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன். அஜ்மான் வரைக்கும் ஒற்றைக் கையால்தான் ஓட்டினார். கியரை நான் மாற்றினேன். வழியில் சிக்னல்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தது, எங்களைப் பார்த்து வெட்கப்பட்டு மாறிக்கொண்டது.

மெஸ் வாசலில் பாலகுரு நின்றிருந்தார். பக்கத்தில் ஐஸ்மீன் கம்பெனிக்காரன், டீ குடித்துக்கொண்டு, சிரித்த முகமாக. பாலகுரு பெட்டியைத் திறந்தார். ஐஸ் என்று சொல்ல உள்ளங்கையளவுதான் மிச்சம். ஒரு நெய்மீனை எடுத்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். பத்திநாதன் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவச்செவன்னு இருக்குண்ணே" என்றார் பாலகுரு. "எங்க போனீக இவ்வளவு நேரம்? எனக்கு உசுரே போயிருச்சு." பிறகு கம்பெனிக்காரனிடம், "டீயக் குடிச்சுட்டு மெதுவாப் போங்க தம்பி."

பத்திநாதன் காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். அவர் விட்ட பெருமூச்சில் கொடியில் காய்ந்த லுங்கிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. போனை எடுத்துக் கூப்பிட்டார்.

"ரெஷ்மா... கொழம்பு கொதிக்குதுட்டீ."

"எந்தக் கொழம்பு? நீங்க ஏதும் தின்னியளா காலைலேருந்து?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேறு என்னவோ வந்தது. போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நான்தான் எல்லாவற்றையும் அவளுக்கு விவரமாகச் சொன்னேன், நெய்மீன் விசிறிக்கொண்டது உட்பட. அவள் நம்பினாள்.

அன்று குழம்பில் ஊதும் சந்தனமும் லேசாக மணத்ததாம். என்ன மசாலா என்று கேம்பில் எல்லாரும் பாலகுருவைக் கேட்டார்கள். அவர் இன்றுவரை சொல்லவில்லை. ஆர்டர் பத்திநாதனிடமே இருக்கிறது. ரெஷ்மாவும் பிள்ளையும் ரோலாவிலேயே இருக்கிறார்கள்.

மூன்று பேர் மேலும் சத்தியம் செய்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பத்திநாதனிடம் பிக்கப் எதுவும் இருந்ததில்லை. அந்த மெஸ்ஸுக்கு அவர் மீன் கொண்டுபோவது அன்றும் இன்றும் சைக்கிளில்.