எட்டாவது கையெழுத்து

நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்த டீச்சர் வியாழக்கிழமையில் நிறுத்திவிட்டார். குடியை விட்டவர்களுக்கு வாராவாரம் நடக்கிற சத்துணவு வகுப்பு அது. குடித்துக் குடித்துப் புண்ணான வயிற்றை எப்படித் தேற்றுவது என்று சொல்லித் தருவார். தினமும் சாப்பிட்டதை நேரம் போட்டு எழுதிக்கொண்டு போனால் வாரத்துக்கு ஒரு கையெழுத்து. எட்டுக் கையெழுத்தோடு வந்தால்தான் வீட்டுக் கேட்டைத் திறப்பேன் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். ஏழு விழுந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை எழுதினதுதான் வியாழக்கிழமையும் இருக்கு. முட்டை, கீரை, ஒண்ணு பத்துங்கிற நேரம்கூட. அன்னைக்குக் குடிச்சீங்களா?"

"இல்ல டீச்சர். அன்னைக்குச் சாப்பிடவே இல்ல."

உண்மை அதுதான். வியாழக்கிழமை என் மகளுக்குப் பிறந்தநாள். வாடகை அறையில் முட்டையை வேகவைத்து ஒற்றைத் தட்டை எடுத்து வைத்ததும் அவள் நினைப்பு வந்துவிட்டது. முன்பென்றால் அதற்கு மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அதை எழுத வெட்கமாக இருந்தது. இருபது வருஷம் குடிக்காகப் பொய் சொல்லிப் பழகியவனுக்கு, குடிக்காத நாளுக்கும் பொய்தான் கைக்கு வந்தது. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். எனக்கு விடிந்தும் பிரயோஜனமில்லை.

நம்புகிறேன் என்று டீச்சர் சொன்னார். ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நேரே மனைவி இருக்கும் வீட்டுக்குப் போனேன். அந்தக் கேட்டை வெல்டிங் செய்தவனே நான்தான். பூனைகூட நுழையாது என்று பீற்றிக்கொண்டு கம்பிகளை நெருக்கமாக வைத்திருந்தேன். நோட்டை உள்ளே நீட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கையெழுத்தில்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டவள், கம்பியோரம் முகத்தைக் கொண்டுவந்தாள். பழைய பழக்கம். நானும் வாயைத் திறந்து ஊதினேன். அந்தக் காலத்தில் மிட்டாய் மென்றுவிட்டு ஊதுவேன். இன்றைக்கு வந்தது காய்ந்த வயிற்றின் வாடை மட்டும்தான்.

"இன்னைக்காவது சாப்பிட்டீங்களா?"

எட்டாவது கையெழுத்து கிடைக்குமோ கிடைக்காதோ என்று காலையிலிருந்து எதுவும் இறங்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நான் திரும்பியபோது தட்டில் சோற்றோடு வந்தாள். கம்பிகளுக்கு நடுவே தட்டு நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தாள். சோறு சரிந்து நான்கு பருக்கை தரையில் விழுந்தது. தட்டு இடது கைக்கு மாறியது. வலது கை தாழ்ப்பாளின்மேல் போய், அங்கேயே நின்றது.