வெள்ளிக்கிழமை மூடி

வெள்ளிக்கிழமை மூடி திறந்திருந்தது. நாங்கள் வீடு பார்க்கப் போனதும் வெள்ளிக்கிழமைதான். பல மாதங்களாகப் பூட்டிக்கிடக்கும் வீட்டில், ஃப்ரிட்ஜின் மேல் இருந்த டப்பாவிலிருந்து இன்றைய மாத்திரையை எடுத்து விழுங்கியது யார்?

காரில் திரும்பும்போது இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு மூடியாக ஏழு மூடி உள்ள அந்த மாதிரி டப்பாவை, நான் வேலை பார்க்கும் மருந்தகத்தில் தினமும் யாருக்காவது எடுத்துக் கொடுக்கிறேன். வெள்ளி வரை காலி. சனியும் ஞாயிறும் நிறைந்திருந்தன. என் கணவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பால்கனியில வெயில் எப்படி விழுது பாத்தியா? இந்த விலைக்கு இந்த ஊர்ல ஒரு கார் ஷெட்கூடக் கிடைக்காது."

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வாடகை வீடுகள்தான். ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். சொந்த வீடு என்றதும் எனக்கும்தான் நெஞ்சு துள்ளியது. விற்பவர் மாஸ்டர். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இங்கே கார் ஓட்டக் கற்றது அவரிடம்தான். அதனால் அந்தப் பெயர். வீடு அவர் பெயரிலும் அவர் மனைவி பெயரிலும் இருந்தது. மனைவி ஊரோடு போய்விட்டாராம். விற்பதற்கு இவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அந்தப் பவரின் நகலைத்தான் போனில் படமாக அனுப்பியிருந்தார்.

நடுவில் நின்று பேசியவர் என் நாத்தனாரின் கணவர். மறுநாள் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அண்ணே, பவரோட ஒரிஜினலை வாங்கிப் பாக்கணும். பதிவு அலுவலகத்துல ஒரு தடவை சரிபாத்துடலாம். இங்க உள்ள வக்கீல் ஒருத்தரையும் வெச்சுக்கலாம்."

அவர் சிரித்தார். "மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்து தங்கச்சிக்கு எல்லாமே போலியாத் தெரியுது."

"மாஸ்டர்கிட்டப் போய் ஒரிஜினலைக் காட்டுங்கன்னு கேக்கச் சொல்றியா?" என்றார் கணவர். "கிளட்ச் எது, பிரேக் எதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்த மனுஷன்."

"கிளட்ச் சொல்லிக் குடுத்தா வீட்டுப் பத்திரம் சரியாயிடுமா?"

"பாத்தீங்களா அத்தான், இவ வாயை!"

அத்துடன் பேச்சு முடிந்தது. இந்த ஊர்க்காரரிடம் பழைய சோபா வாங்கினால்கூட ரசீது இல்லாமல் நகரமாட்டார் என் கணவர். நம்மாள் என்று வந்துவிட்டால் மட்டும் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. மரியாதை அவர்களுக்குள். கடன் என் சம்பளத்தின் பெயரில். என் கையெழுத்து இல்லாமல் வங்கி ஒரு காசு தராது.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அடுக்குமாடிக்குப் போனேன். யாரும் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே மணியை அழுத்தினேன்.

கதவு திறந்தது. என்னைவிடச் சில வயது மூத்தவள். கையில் ஈரத்துணி. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காருக்குள்ள போன் பேசிட்டு இருந்தவங்கதானே?"

தலையாட்டினேன். மாஸ்டரின் வீட்டில் நீங்கள் யார் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் அசிங்கம் உறைத்தது.

"அவரு சம்சாரம். வேற யாரு?" என்றாள். "வெள்ளிக்கிழமை ஆனா என்னை அவரு தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுறாரு. திரும்பி வந்தா நாற்காலி இடம் மாறியிருக்கும், அலமாரி திறந்திருக்கும். பேயோன்னு பாத்தேன். பேயா இருந்தா தரையில செருப்புத் தடம் விழாதேன்னு துடைச்சேன்."

சிரிக்க முயன்றாள். நான் போனிலிருந்த பவரின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துவந்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பேரு என்னோடது. கையெழுத்து என்னோடது இல்ல." செருப்பு வைக்கும் பலகையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் ஊர்ல இருக்கேன்னு போட்டிருக்கு. பதினோரு வருஷமா இந்த வீட்டுக்குப் பாதித் தவணை கட்டினவ நான். மணியடிச்சு என்னைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

படத்தை அவள் போனுக்கு அனுப்பினேன். கிளம்பும்போது, என்னைப் புண்படுத்தக் கூடாது என்று நினைத்தவள் போல மெதுவாகச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்னை நல்லாத் தெரியும். கார் ஓட்டக் கத்துக்கும்போது இங்க வந்து டீ குடிப்பாரு. அன்னிக்கும் லிஃப்ட்டுகிட்ட நின்னு, நல்லாயிருக்கீங்களான்னு கேட்டாரே."

அன்று மாலை கணவர் செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டரின் மனைவி இங்கேயே இருப்பது தெரியுமா என்று கேட்டேன். வெட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும். அதனாலதான் விலை குறைவு. அவசரமா விக்கிறாரு."

"அந்தம்மா வீட்டுலதான் இருக்காங்க. கையெழுத்து அவங்களோடது இல்லங்க."

"அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். நாம நடுவுல நுழையக் கூடாது."

"நாம அந்த வீட்டுக்குள்ளயே நுழையப் போறோமே! நாளைக்கு அவங்க கோர்ட்டுக்குப் போனா வீடும் போகும், கடன் மட்டும் என் தலையில நிக்கும்."

"அவங்க எங்க கோர்ட்டுக்குப் போறது? பொம்பளை பேரு எல்லாம் சும்மா பேருக்குச் சேக்கிறதுதான்." நிமிர்ந்து சிரித்தார். "உன் கையெழுத்தையே கூரியர்காரனுக்கு எத்தனை தடவை நான் போட்டிருக்கேன். அச்சு அசல் உன்னோடது மாதிரியே இருக்கும்."

இந்த வேடிக்கையை அவர் விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது காது மடல் வரை சுட்டது. ஒரு தட்டையாவது உடைத்திருக்கலாம். உடைத்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்: டென்ஷன், தூக்கக் குறைவு, மாதாந்தரத் தொல்லை. ஆகவே கோபத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டேன். செய்தித்தாளில் சிதறிக்கிடந்த நகத்துண்டுகளைப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் மடித்துக் குப்பையில் போட்ட செய்தித்தாள்கள் எத்தனை! அன்று எடுக்கவில்லை. காலையிலும் அது அங்கேயே கிடந்தது.

அந்த வாரம் முழுவதும் அவரிடம் உப்பு, சாவி, தண்ணீர் பற்றித்தான் பேசினேன். ஒரு மதியம் வங்கிக்கும் போய்வந்தேன்.

சனிக்கிழமை, நாத்தனாரின் கணவரான அண்ணனின் கடைக்கு மேலிருந்த அறையில் எல்லாரும் கூடினோம். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை. வீடு வாங்கும் ஒப்பந்தமும் கடன் மனுவும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. காலையில் மாஸ்டரின் மனைவியிடமிருந்து செய்தி வந்திருந்தது: "என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். வக்கீலைப் பாத்தாச்சு. நீங்க எதையும் மறைக்க வேணாம்."

மாஸ்டர் எழுந்து நின்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவு பண்பு.

"உங்க கையெழுத்துதாம்மா பாக்கி. போட்டுட்டா சாவி உங்க கையில."

"வீட்டுல நல்லாயிருக்காங்களா?" என்றேன்.

"ஊர்ல சௌக்கியமா இருக்காங்க."

"சனிக்கிழமை மாத்திரையைப் போட்டாங்களா?"

மேசைக்கடியில் கணவரின் கால் என் காலை மிதித்தது. பிரேக்கை மிதிப்பது போல. நல்ல பயிற்சி. மாஸ்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"எல்லாத்தையும் அப்புறம் பேசிக்கலாம் தங்கச்சி. நல்ல காரியத்துல எதுக்கு இதெல்லாம்? போடும்மா."

"போடு," என்றார் கணவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "மானத்தை வாங்காத."

பேனாவை வாங்கினேன். அண்ணனின் முகம் தெளிந்தது. மேசையில் கிடந்த மூடியை எடுத்துப் பேனாவில் பொருத்தினேன். அது சரியாக உட்கார்ந்த சின்னச் சத்தம் அறைக்குள் கேட்டது.

"பேங்க்ல சொல்லி வெச்சிருக்கேங்க. நான் நேர்ல வந்து உக்காராம என் பேருல எதுவும் நகராது," என்று கணவரிடம் சொன்னேன். பிறகு காகிதங்களை மாஸ்டர் பக்கம் தள்ளி, பேனாவை அவற்றின் மேல் வைத்தேன்.

"நான் போடல."