யார் இல்லாவிட்டாலும் ஓடும் கம்பெனி

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: வரவிருக்கும் பொருளாதாரப் புயலில் உலகமே சாய்ந்தாலும் நமது அட்டைப்பெட்டிக் கம்பெனி சாயாது. காலை பத்து மணிக்கு மெஷின்களை நிறுத்தச் சொல்லி, சரக்கு அடுக்கும் மரத்தட்டு ஒன்றின் மேல் ஏறி நின்று முதலாளி இதை அறிவித்தார். தட்டு ஆடியது. சூப்பர்வைசர் அதன் ஓரத்தை மிதித்துப் பிடித்துக்கொண்டார். கம்பெனியில் பத்தொன்பது வருடமாக அவர் பார்த்துவந்த வேலையும் ஏறக்குறைய அதுதான்.

முதலாளிக்கு அவர் மைத்துனர். தங்கையின் கணவரை வீட்டில் ‘மாப்பிள்ளை’ என்பார், கம்பெனியில் ‘சார்’ என்பார். ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அடுத்து, கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த ஆலோசகர் பேசினார்.

“ஒரே ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருக்கிற விஷயம் கம்பெனிக்கு ஆபத்து. அந்த ஆள் நாளைக்கு வரலேன்னா என்ன ஆகும்?”

“சம்பளத்தைப் பிடிப்பாங்க சார்” என்றார் பசை கலக்குபவர். அவரை எல்லோரும் பசை என்றே கூப்பிடுவார்கள்.

ஆலோசகர் சிரிக்கவில்லை. அவரவருக்குத் தெரிந்த வேலையை ஒன்றுவிடாமல் ஒரு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்றார். நன்றாக எழுதியவருக்கு ஷீல்டு.

சூப்பர்வைசர் எழுத உட்கார்ந்தார். மழை நாளில் அட்டை ஈரம் குடித்து இளகும், அன்றைக்கு மடிப்புக் கோடு போடும் சக்கரத்தை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். சோப்புக் கம்பெனிக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார், செருப்புக் கம்பெனிக்காரர் மோந்து பார்ப்பார். இரண்டாவது மெஷின் காலையில் முதல் இருபது பெட்டியைக் கோணலாகத்தான் வெட்டும், அதற்காக அதைத் திட்டக் கூடாது. இப்படி எழுபத்தெட்டுப் பக்கம்.

“எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா உங்களுக்குன்னு என்ன மிச்சம்?” என்று கேட்டாள் மனைவி.

“நாம வேற கம்பெனி வேறயா? நம்ம மாப்பிள்ளை கம்பெனி.”

“உங்க தங்கச்சி வீட்டுக்காரர் கம்பெனி” என்று திருத்திவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

பசை இரண்டு வரி எழுதியிருந்தார்: மாவைத் தண்ணீரில் கலக்க வேண்டும். சரியாகக் கலக்க வேண்டும்.

“எவ்வளவு மாவுன்னு போடலையேப்பா?” என்றார் சூப்பர்வைசர்.

“அது அன்னன்னைக்குக் கைக்குத் தெரியும் சார்.”

“அதை எழுதேன்.”

“கையை எப்படி சார் எழுதுறது? அது என்கிட்டயே இருக்கட்டும்.”

பொறுப்பில்லாத ஆள் என்று சூப்பர்வைசர் நொந்துகொண்டார்.

ஷீல்டு அவருக்குத்தான் கிடைத்தது. “இதை வெச்சுக்கிட்டுப் புதுசா வர்ற யாரும் நாலே நாள்ல இந்த வேலையைக் கத்துக்கலாம்” என்று ஆலோசகர் அந்த எழுபத்தெட்டுப் பக்கத்தையும் உயர்த்திப் பிடித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். சூப்பர்வைசரும் தட்டினார்.

மறு வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி அறைக்கு அழைப்பு வந்தது.

“உக்காருங்க மச்சான்.”

கம்பெனிக்குள் அந்த வார்த்தை கேட்டதே இல்லை. சூப்பர்வைசர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“சந்தை சரியில்ல. போட்டியில நிக்கணும்னா கம்பெனி இளைச்சாகணும்னு ஆலோசகர் சொல்றாரு.”

“யாரைக் குறைக்கப்போறீங்க சார்? பசையையா?”

“அவனைப் போகச் சொல்லிட்டா பசை யாரு கலக்குறது? அவன்தான் ஒண்ணும் எழுதிக் குடுக்கலையே.” முதலாளி பேனாவை மூடினார், திறந்தார். “நீங்கதான் முழுசா எழுதிட்டீங்க.”

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பதுகூட அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது.

“உங்களை நம்பித்தானே சார் எழுதினேன்.”

“அதேதான் மச்சான். கம்பெனி இப்ப உங்களை நம்பி இல்ல. அதுக்கு நீங்கதான் காரணம். நீங்க பெருமைப்படணும்.”

“எப்ப முடிவு பண்ணீங்க?”

“ஷீல்டு செய்யக் குடுத்தோமே, அந்த வாரம்.”

சூப்பர்வைசர் எழுந்தார். கதவருகே போய்த் திரும்பினார்.

“தங்கச்சிக்குத் தெரியுமா?”

முதலாளி மேசையில் நேராக இருந்த காகிதங்களை மறுபடி நேராக்கினார். “அவதான் பக்குவமாச் சொல்லுங்கன்னு சொன்னா.”

வீட்டில் மனைவி தட்டை வைத்துச் சோறு போட்டாள். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். போன மாதம் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் வழக்கத்துக்கு மாறாக இரண்டு முறை காப்பி கொடுத்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை காலை தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, சாப்பிட்டீங்களா?”

“சொல்லும்மா.”

“மூணு நாளா பெட்டியெல்லாம் மடிப்புல கிழியுதாம். முப்பத்தோராம் பக்கத்துல, சக்கரத்தோட சத்தம் மாறினா நிறுத்தணும்னு போட்டிருக்கீங்களாம். என்ன சத்தம்னு போடலையாம். சோப்புக் கம்பெனிக்காரங்க நாளைக்கு வந்து பாக்கப்போறாங்களாம்.” குரலைத் தாழ்த்தினாள். “வேணும்னே மறைச்சுட்டீங்களோன்னு அவர் கேக்குறாரு.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்னண்ணா சொல்றது? எனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?”

வேலை போனதைவிட இது ஆழமாக இறங்கியது. அவர் ஒளித்துவைத்தாராம். பத்தொன்பது வருடத்தில் ஒரு நூல்கண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர், ஒரு சத்தத்தை ஒளித்துவைத்தாராம்.

போனைக் கீழே வைத்தார். மனைவி எதிரிலேயே நின்றிருந்தாள்.

“உங்களுக்குன்னு அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. இப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருங்க. மாசம் முடியறதுக்குள்ள அவங்களே வந்து கூப்பிடுவாங்க.”

அவள் சொன்னது சரி. சரி என்று அவருக்கும் தெரிந்தது. நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். சக்கரத்தைச் சரிசெய்தார். சத்தத்தை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.